மூன்று சீட்டில் ஒரு சுற்றுலா: வாசகர் கேள்வி–பதில்

கோடை விடுமுறை முடிந்த கையோடு எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பார்த்த ஊரைப் பற்றியவை அல்ல. அந்த ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் பட்ட பாட்டைப் பற்றியவை. அவற்றுள் ஒரு கடிதம், விமானப் பயணத்தில் நேரக்கூடிய சங்கடங்களில் பாதியை ஒரே வாரத்தில் சந்தித்த குடும்பத்தினுடையது. ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். விமான நிறுவனங்களின் பெயர்களைக் கடிதங்களிலிருந்து நீக்கிவிட்டோம்.

கேள்வி: மே மாதத்தில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் என் மாமியாரும் பாலித் தீவுக்குச் சுற்றுலா சென்றோம். சென்னையிலிருந்து பாலிக்கு ஒரே நிறுவனத்தில் பதிவு செய்தால் கட்டணம் அதிகம் என்று, சென்னை–கோலாலம்பூர் ஓர் இந்திய நிறுவனத்திலும், கோலாலம்பூர்–டென்பசார் (பாலியின் தலைநகர்) வேறொரு வெளிநாட்டு நிறுவனத்திலும் போக வரத் தனித்தனியாக டிக்கெட் எடுத்தார் என் கணவர். இரவு 11 மணிக்குப் புறப்பட வேண்டிய சென்னை விமானம், தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவிக்கப்பட்டு அதிகாலை 4 மணிக்குத்தான் கிளம்பியது. கோலாலம்பூரில் நாங்கள் இறங்கியபோது அந்த ஊர் நேரம் காலை பத்தரை. எங்கள் அடுத்த விமானம் 9.45-க்கே போய்விட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண், நாங்கள் ‘நோ-ஷோ’, அதாவது பதிவு செய்தும் வராதவர்கள், என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். மாலையில் புறப்படும் மற்றொரு நிறுவனத்தின் விமானத்தில் ஐந்து பேருக்கும் புதிதாக டிக்கெட் வாங்கிப் பாலியை அடைந்தபோது மாமியாரின் பெட்டி மட்டும் வரவில்லை. அது மூன்றாம் நாள் ஒரு சக்கரம் உடைந்த நிலையில் விடுதிக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அவர், பாலியில் புடவைக்கு எங்கே போவது என்று தெரியாமல், விடுதிக்கு எதிரில் வாங்கிய சாரோங்கைக் கட்டிக்கொண்டே கோயில்களைச் சுற்றிப் பார்த்தார். இத்தனையையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் திரும்பும் நாளன்று டென்பசார் விமான நிலையத்தில், போகும்போது நாங்கள் அந்த விமானத்தில் ஏறவில்லை என்பதால் வரும்போதைய டிக்கெட்டும் ரத்தாகிவிட்டது என்றார்கள். பணம் கொடுத்து வாங்கிய இருக்கையை ரத்து செய்ய அவர்களுக்கு என்ன உரிமை? எங்களுக்கு ஆன செலவில் எதையாவது, யாரிடமாவது கேட்டுப் பெற முடியுமா?
— வாசகி, காஞ்சிபுரம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். போக வர ஒரே பதிவில் வாங்கும் பயணச்சீட்டில், ஒவ்வொரு கட்டத்தையும் வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது முழுச்சேவை விமான நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்த நிபந்தனை. முதல் கட்டத்தில் பயணி வரவில்லையென்றால் கணினி அமைப்பு அடுத்த கட்டங்களைத் தானாகவே ரத்து செய்துவிடுகிறது. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு கட்டத்தையும் தனி டிக்கெட்டாகவே கருதுவதால் அங்கே பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே என் கருத்து. வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவிர்த்து மலிவாகப் பயணம் செய்பவர்களைத் தடுக்க வகுத்த விதி, விமானம் தாமதமானதால் தவித்து நிற்கிற குடும்பத்தின் மீதும் அப்படியே பாய்கிறது. ஆயினும் டிக்கெட் வாங்கும்போது நாம் ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கிவிடும் நிபந்தனைகளுக்குள் அது இருக்கிறது.

அதைத் தவிர்க்க ஒரே ஒரு வாய்ப்பு உங்களுக்கு இருந்தது. அது கோலாலம்பூரில் அல்ல, சென்னையில் இருந்தது. ஐந்து மணி நேரம் நீங்கள் காத்திருந்தபோது இரண்டாவது நிறுவனம் உங்களுக்காக இன்னமும் இருக்கைகளை வைத்திருந்தது. அந்த விமானம் புறப்படுவதற்கு முன்பாக அழைத்து, ‘இணைப்பைப் பிடிக்க இயலாது, அடுத்த விமானத்துக்கு மாற்றித் தாருங்கள், இல்லையேல் திரும்பும் பயணத்தையாவது தக்கவைத்துக் கொடுங்கள்’ என்று கேட்டிருந்தால், மாற்றுக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்திருக்கும் வாய்ப்பு அதிகம். விமானம் கிளம்பிய பிறகு அதே ஊழியர் நினைத்தாலும் அதைச் செய்வது கடினமாகிவிடும். தனித்தனி டிக்கெட்டில் செல்பவர்கள் இரண்டாவது நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் பதிவு எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. நள்ளிரவில் கைப்பேசியில் சார்ஜ் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனிப் பணத்தைப் பற்றிப் பார்ப்போம். சென்னையில் நேர்ந்த தாமதத்துக்கு இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்திருக்கும் விதிகளின்படி, இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடமும் தர வேண்டும். உங்களுடையது ஐந்து மணி நேரம் என்பதால் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது. தாமதத்துக்கென்று ரொக்க இழப்பீடு இந்த விதிகளில் இல்லை. அது விமானம் ரத்தாகும்போதும், இடமில்லை என்று ஏற்ற மறுக்கும்போதும் மட்டுமே உண்டு.

ஆனால் சர்வதேசப் பயணம் என்பதால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் இணைந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் அதில் உறுப்பினர்களே. அதன் 19-ஆவது பிரிவு, தாமதத்தால் பயணிக்கு நேரும் இழப்புக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்கிறது. உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 6,303 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஓர் அலகு ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்று அதிக மதிப்புடையது. கேட்க நன்றாக இருந்தாலும், தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. மேலும், ‘எங்கள் டிக்கெட்டில் கோலாலம்பூர்தான் கடைசி ஊர், அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்கள் வாதிடுவார்கள். வலுவான வாதம்தான்; ஆனாலும் முயன்று பார்க்கத் தகாத வழக்கு என்று சொல்ல மாட்டேன். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கோரிக்கை வையுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள். அதன் பிறகும் பயனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் கால அவகாசம் உண்டு. நீங்கள் பறக்காத கோலாலம்பூர்–டென்பசார் டிக்கெட்டுகளில் அடங்கியிருந்த விமான நிலைய வரிகளையும் கட்டணங்களையும் திருப்பித் தரும்படி இரண்டாவது நிறுவனத்துக்கும் தனியே எழுதுங்கள். ஐந்து பேருக்கு, இரு வழிக்கும் சேர்த்தால் அது அற்பத் தொகையாக இருக்காது.

பெட்டி விஷயத்தில் உங்கள் நிலை இன்னும் வலுவானது. ஆனால் நாள் கணக்கு முக்கியம். பெட்டி சேதமாகி வந்தால், கையில் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கிடைத்த 21 நாட்களுக்குள் தர வேண்டும். உடைந்த சக்கரத்தைப் பற்றி விடுதிக்குப் பெட்டி கொண்டுவந்தவரிடம் வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது புகாராகாது, ஏழு நாளும் கடந்துவிட்டது. தாமதத்துக்கான 21 நாள் உங்கள் கடிதம் எங்களை அடைந்தபோது முடியவில்லை என்பதால், இதழ் அச்சாகும்வரை காத்திராமல் உங்களுக்குத் தனியே மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறோம். விமான நிலையத்தில் நிரப்பிக் கொடுத்த பிஐஆர் எனப்படும் பெட்டி காணாமற்போன அறிக்கையின் நகல், பெட்டியின் டேக் துண்டு, போர்டிங் பாஸ், அந்த மூன்று நாட்களில் வாங்கிய பொருள்களின் ரசீதுகள் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். சாரோங்கின் ரசீதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெட்டி தொடர்பான இழப்பீட்டு உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர், அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். இது பெட்டி ஒவ்வொன்றுக்கும் அல்ல, பயணி ஒவ்வொருவருக்கும் என்பதையும், ரசீதுக்கு உரிய அளவில்தான் கிடைக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பெட்டி 21 நாள் கழிந்தும் வரவில்லையென்றால் அதைத் தொலைந்ததாகவே கருதி முழு இழப்பீடு கோரலாம்.

உங்கள் கணவர் மிச்சப்படுத்த நினைத்த பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே பதிவில் டிக்கெட் எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டவர்களைக் கூடுதல் கட்டணமின்றி அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டிய கடமை விமான நிறுவனத்துடையதாகியிருக்கும். பெட்டிகளும் சென்னையிலேயே டென்பசார் வரை டேக் இடப்பட்டுப் போயிருக்கும். கோலாலம்பூரில் இமிகிரேஷனைக் கடந்து வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருப்பதால்தான் உங்களால் வெளியே வரவாவது முடிந்தது. வேறு சில ஊர்களில் தனி டிக்கெட்டோடு இறங்கினால், பெட்டியை எடுக்க விசா வேண்டும், விசா இல்லையென்றால் பெட்டியும் இல்லை, அடுத்த விமானமும் இல்லை.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. சில பயணப் பதிவுத் தளங்கள் இரண்டு நிறுவனங்களின் தனி டிக்கெட்டுகளை ஒரே திரையில் ஒரே விலையாகக் காட்டி விற்கின்றன. வாங்குபவர் அதை ஒரே பயணச்சீட்டு என்றே நம்பிவிடுகிறார். பணம் செலுத்துமுன் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ (விமானம் மாறுவது உங்கள் சொந்தப் பொறுப்பு) என்ற குறிப்பு எங்காவது சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் டிக்கெட் எண்ணைப் பாருங்கள்: அது பதின்மூன்று இலக்கம் கொண்டது, முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் குறியீடு. பயணத்தின் எல்லாக் கட்டங்களும் ஒரே டிக்கெட் எண்ணின் கீழோ அதைத் தொடர்ந்த எண்ணின் கீழோ இருந்தால் கவலையில்லை; முற்றிலும் வேறு வேறு எண்கள் என்றால் நீங்கள் வைத்திருப்பது இரண்டு பயணங்கள்.

தனி டிக்கெட்தான் கட்டுப்படியாகிறது என்னும் நிலை பலருக்கும் இருப்பதை அறிவேன். அப்படியானால் இடையில் ஓர் இரவு தங்குமாறு திட்டமிடுங்கள். நான்கு மணி நேர இடைவெளி தாளில் தாராளமாகத் தெரியும். விமான நிலையத்தில் அது கரைந்துவிடும். கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் உண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலிலோ பேருந்திலோதான் போக வேண்டும் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஓர் இரவு தங்கினால் காலையில் பத்துமலை முருகனையும் பார்த்துவிட்டுப் போகலாம், மாமியாரும் மகிழ்ந்திருப்பார்.

கேள்வி: பாரிஸிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகச் சென்னைக்கு விடுமுறையில் சென்றோம். பாரிஸில் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டதால் இணைப்பு விமானம் போய்விட்டது. ஒன்பது மணி நேரம் பிந்திச் சென்னை சேர்ந்தோம். திரும்பும்போதும் சென்னை விமானம் ஓர் இரவு தாமதம். விமான நிறுவனம் ஐரோப்பாவைச் சேர்ந்ததல்ல. அடுத்த பயணத்துக்குப் பயன்படும் வவுச்சர் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், பாரிஸ்

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் போன பயணத்துக்கும் வந்த பயணத்துக்கும் சட்டம் வெவ்வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குமுறை, ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், அது எந்நாட்டு நிறுவனமாக இருந்தாலும், பொருந்தும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் ரத்தான விமானத்துக்கு உரிய அதே இழப்பீடு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. தாமதத்தைக் கடைசி ஊரில் இறங்கிய நேரத்தைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும் என்று 2013-இல் சொன்னது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாடிர் சென்ற ஒரு பயணியின் வழக்கில், இணைப்பு விமானம் ஒன்றியத்துக்கு வெளியே பறந்தாலும் ஒரே பதிவாக இருந்தால் முழுப் பயணமும் ஒன்றாகவே கருதப்படும் என்று 2018-இல் கூறியது. ஆகவே பாரிஸில் ஒன்றரை மணி நேரம்தானே தாமதம் என்று அவர்கள் சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் தாமதம் ஒன்பது மணி நேரம். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் என்பதால் ஆளுக்கு 600 யூரோ கோரலாம். கட்டணம் செலுத்தி இருக்கை பெற்ற குழந்தைக்கும் அதே தொகைதான். புயல், பறவை மோதியது போன்ற அசாதாரணச் சூழ்நிலை என்றால் நிறுவனம் தப்பலாம். வழக்கமான இயந்திரக் கோளாறு என்றால் பொதுவாகத் தப்ப முடியாது.

திரும்பிய பயணத்துக்கு இந்த ஒழுங்குமுறை பொருந்தாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து, ஒன்றியத்தைச் சேராத நிறுவனத்தின் விமானத்தில் வந்தீர்கள். போக வர ஒன்றாகப் பதிவு செய்திருந்தாலும் திரும்புவது தனிப் பயணமே என்று, டசெல்டோர்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலா சென்று திரும்பிய பயணியின் வழக்கில் 2008 ஜூலையில் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த இரவுக்கான செலவுகளை மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ரசீதோடு கேளுங்கள். ஐரோப்பிய நிறுவனத்தில் சென்றிருந்தால் இரண்டு வழிக்கும் 600 யூரோ பாதுகாப்பு இருந்திருக்கும். அடுத்த முறை விலையை ஒப்பிடும்போது இதையும் ஒப்பிடுங்கள்.

வவுச்சரைப் பொறுத்தவரை, இழப்பீட்டைப் பணமாகத் தர வேண்டும், நீங்கள் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே வவுச்சராகத் தரலாம் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. கையொப்பமிடாதீர்கள். பிரான்சில் இத்தகைய கோரிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது, அவசரம் அவர்களுக்குத்தான்.

இதே கடிதத்தில், யாழ்ப்பாணத்திலிருக்கும் உங்கள் தம்பி குடும்பம் ஃபிராங்க்பர்ட்டில் விமானம் மாறிச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் நாடுகளின் (ஜெர்மனி உட்பட, பொது விசா முறையில் இணைந்த ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் ‘ஏர்போர்ட் டிரான்சிட் விசா’ பெற வேண்டும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அது இல்லாமல் கொழும்பில் செக்-இன் கவுன்ட்டருக்குப் போனால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதம் விமான நிறுவனத்துக்கு விழும் என்பதால் அவர்கள் இரங்க மாட்டார்கள்.

கேள்வி: டிக்கெட் எடுக்கும்போது கூடவே வரும் பயணக் காப்பீட்டை வாங்கலாமா, அது வீண் செலவா? சென்ற ஆண்டு புயல் காரணமாக விமானம் ரத்தானபோது எங்களுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வெளிநாட்டுப் பயணத்தில் காப்பீடு எடுப்பதற்குத் தலையாய காரணம் மருத்துவச் செலவு. தாமதம், பெட்டி முதலியவை கூடவே வரும் சில்லறைப் பயன்கள். ஆனால் விளம்பரத்தில் அவைதான் பெரிதாகத் தெரிகின்றன.

உங்களுக்குக் கிடைக்காமற்போனதற்குக் காரணம், நீங்கள் இணைத்த நகல்களின்படி, புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட மறுநாள் பாலிசி எடுத்ததுதான். ஏற்கனவே தெரிந்துவிட்ட நிகழ்வுக்குக் காப்பீடு செல்லாது என்பது இத்துறையின் பொது விதி. எரிமலைச் சாம்பல், விமான நிலைய வேலைநிறுத்தம், போர்ச் சூழலால் வான்வெளி மூடப்படுவது என எதுவானாலும் இப்படித்தான்: செய்தியில் வந்த பிறகு வாங்கிய பாலிசி அந்தச் செய்திக்கு உதவாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி ஏறக்குறைய ஒரு வாரம் முடங்கியபோது, வழியிலேயே மாட்டிக்கொண்ட லட்சக்கணக்கானோர் தங்கள் பாலிசியில் எரிமலை என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஆகவே டிக்கெட் எடுத்த அன்றே காப்பீட்டையும் எடுங்கள்.

வாங்குமுன் மூன்று இடங்களை மட்டுமாவது படியுங்கள். ‘தாமதம்’ என்பது எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரம் என்றும் பன்னிரண்டு மணி நேரம் என்றும் பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் தனித்தனி டிக்கெட்டுகளுக்கும் பணம் கிடைக்குமா என்று பாருங்கள். காஞ்சிபுரம் வாசகியைப் போல் பயணம் செய்பவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், பாலிசி தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது, ஏற்கனவே உள்ள நோய்களுக்கு விலக்கு இருக்கிறதா என்பது. முதியோருடன் செல்பவர்களுக்கு இதுவே மற்ற இரண்டையும்விட முக்கியம். தாமதமோ ரத்தோ நேர்ந்தால், காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு விமான நிறுவனத்திடம் எழுத்தில் சான்று வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வராதீர்கள். ஊருக்கு வந்த பிறகு அதைப் பெறுவது, அனுபவப்பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: துபாயிலிருந்து சென்னைக்கு வந்த விமானம், மழையால் இறங்க முடியாமல் வட்டமடித்துவிட்டுப் பெங்களூருவில் இறங்கியது. அங்கே ஐந்து மணி நேரம் எங்களை விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். பெங்களூருவில் வீடு உள்ளவர்கள்கூட இறங்க அனுமதிக்கப்படவில்லை. ஏன்?
— வாசகர், வேலூர்

பதில்: சென்னையில் மழைக்காலத்தில் இது அடிக்கடி நேர்வது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து விமான நிலையமே மூடப்பட்டது. அத்தகைய நாட்களில் வந்துகொண்டிருக்கும் விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஒரே நேரத்தில் திருப்பிவிடப்படும். அங்கே திட்டமிடாத விமானங்கள் வரிசையாக நிற்கும்போது படிக்கட்டு, எரிபொருள் வண்டி, தரைப் பணியாளர் எதுவுமே போதாது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இமிகிரேஷனும் சுங்கச் சோதனையும் முடித்தே வெளியேற முடியும். ஒரு சிலர் இறங்க வேண்டுமென்றாலும் அவர்களுடைய பெட்டிகளைச் சரக்கறையிலிருந்து தேடி இறக்க வேண்டும். அதற்குள் சென்னையில் வானம் தெளிந்து அனுமதி வந்தால் வரிசையில் இடம் போய்விடும். அந்த அச்சத்தினால்தான் ‘இன்னும் அரை மணி நேரம்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையில் விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டால் மாற்று விமானிகள் வரும்வரை அந்த விமானம் நகர முடியாது. களைத்த விமானியைப் பறக்கச் சொல்லக் கூடாது என்பதற்கான சட்டம் அது, அதைக் குறை கூற முடியாது.

ஆனால் ஐந்து மணி நேரம் அடைத்து வைத்ததைக் குறை கூறலாம். அமெரிக்காவில், நின்றுகொண்டிருக்கும் சர்வதேச விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணிகளை இறங்க வாய்ப்பளிக்காமல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி 2011-லிருந்து இருக்கிறது; இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீரும் உணவும் தர வேண்டும், கழிவறை இயங்க வேண்டும். பாதுகாப்புக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. இங்கும் அப்படியொரு தெளிவான நேர வரம்பு தேவை என்பதே என் கருத்து.

கேள்வி: எழுபத்தைந்து வயதான என் தாயாரை முதன்முறையாக நீண்ட விமானப் பயணத்துக்கு அழைத்துச் செல்கிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். என்னென்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, மதுரை

பதில்: இன்சுலினையும் அன்றாட மாத்திரைகளையும் கைப்பையில் மட்டுமே வையுங்கள். பெட்டி தொலையலாம் என்பது ஒரு காரணம். சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். திரவப் பொருள்களுக்கு 100 மில்லி வரம்பு இருந்தாலும், பயணத்துக்குத் தேவையான மருந்துகளுக்கு விலக்கு உண்டு. மருத்துவரின் சீட்டு, மருந்தின் மூலப்பெயருடன், உங்கள் தாயாரின் கடவுச்சீட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வலிக்குக் கொடுக்கப்படும் டிரமடால், இருமலுக்குக் கொடுக்கப்படும் கோடீன் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டிய மருந்துகள். வழியில் அங்கே இறங்கி ஓரிரு நாள் தங்குவதாக இருந்தால் இதை முன்பே கவனியுங்கள்.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே, தவறினால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது கேட்டுப் பதிவு செய்யுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. காற்றும் மிக உலர்ந்தது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று முதியவர்கள் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். நடைபாதையோர இருக்கை வாங்கிக் கொடுத்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் கணுக்காலை அசைப்பதும் காலில் இரத்தம் உறைவதைத் தவிர்க்க உதவும். நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டுக்குப் போனால் இன்சுலின் போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். அதை நான் எழுதுவது முறையாகாது.

கேள்வி: சிங்கப்பூருக்குப் போகும்போது என் பவர் பேங்கைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்; என் மனைவி கொண்டுவந்த கொப்பரைத் தேங்காயைப் பறித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் என்ன விதி?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் தீப்பிடிக்கக் கூடியவை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறையில் புகைந்தால் அணைக்க ஆள் இல்லை. 100 வாட்-மணி (மின்சேமிப்புத் திறனின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கடையில் விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். ஆனால் 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிந்த பிறகு, பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதைச் சில நிறுவனங்கள் தடை செய்துவிட்டன, ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பரையில் எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால் இந்திய விமான நிலையங்களில் கைப்பையிலும் பெட்டியிலும் அதற்குத் தடை. குருமாவுக்கென்று உங்கள் மனைவி கசகசாவும் எடுத்து வைத்திருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்: சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள், அங்கே பறித்துக்கொள்வதோடு நிற்க மாட்டார்கள்.